கூட்டைக் கலைத்து எடுத்த படம்

பங்கு இளையோர் நடத்தும் கண்காட்சிகளில் பறவைப் படங்களையும் காண்கிறோம். மகிழ்ச்சியே. ஆயினும், "அழகாயிருக்கிறது" என்று கூறிவிட்டு நகர்வதால் படமெடுத்தவருக்குப் பயனில்லை. குறையைக் கனிவோடு எடுத்துரைப்பதும் அன்புப் பணிதான்.

வேடந்தாங்கல் ஏரிக்கரையினின்று எடுத்த நத்தைகுத்தி நாரையின் படம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். நண்பகல் வெயிலில் எடுத்தால் அதன் வெண்ணிற இறகுகள் சுண்ணாம்பு பூசிய சுவர்போல் வெளுத்துவிடும். ஓர் இறகையும் பிரித்தறிய இயலாது. காலை 8 மணிக்கு முன்போ, மாலை சாயும் வேளையிலோ எடுத்தால் இறகின் வரிகள் தெளியும். அடுத்தது அலகு. இந்நாரையின் மேலலகும் கீழலகும் நடுவில் பொருந்தாமல் இடைவெளி விட்டு நிற்கும். நேர்முகமாக எடுத்த படத்தில் அவ்விடைவெளி மறைந்துவிடுகிறது. பறவை பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருந்தால், இது இன்ன நாரை என்று படமே சொல்லும். கண் கூர்மையாகத் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். கண் மங்கினால் மற்றவை எவ்வளவு தெளிவாயிருந்தும் பறவை உயிரற்றதாகவே தோன்றும். பறக்கும் பறவையாயின், அது செல்லும் திசையில் சற்று வெற்றிடம் விடுவது நன்று. விலையுயர்ந்த லென்சு வாங்கித்தர இயலாத பெற்றோர் வருந்த வேண்டாம். இவற்றுள் பெரும்பாலானவை பொறுமையால் கைகூடுபவை.

கூட்டுப் படங்களைப் பற்றியே நமக்குக் கவலை. குஞ்சுகள் வாய் பிளந்திருக்கும் காட்சி யாவரையும் கவரும். ஆனால் குறுக்கே ஓர் இலைகூட இல்லையெனில், மறைத்திருந்த கிளையை ஒதுக்கியவர் யாரென்று கேட்டாக வேண்டும். கிளையை ஒடித்தவர் படத்தோடு வீடு திரும்பிவிடுவார். குஞ்சுகளோ வெயிலில் வாடும். காகத்தின் கண்ணிலும் படும். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், காட்டுப் பறவைகளின் முட்டைகளையோ கூடுகளையோ கலைப்பதை 'வேட்டை' என்னும் சொல்லின் பொருளுக்குள்ளேயே அடக்கியுள்ளது. கையில் துப்பாக்கி இல்லாதவரும் வேட்டையாடியவராகக் கூடும்!

இங்கிலாந்தின் ரிச்சர்டு கேர்ட்டன், செரி கேர்ட்டன் என்னும் சகோதரர்கள் 1892இல் முட்டைகளுடன் கூடிய பறவைக்கூட்டைப் படமெடுத்து இத்துறைக்கு வழிகோலியவர்கள். பின்னர், காளைத்தோலால் அமைத்த பொய்யுருவத்தினுள் ஒளிந்திருந்தும் அவர்கள் படமெடுத்தனர். அந்த வெக்கையில் முடங்கிக் கிடப்பது எளிதன்று. நம் இளைஞருக்குக் காளைத்தோல் வேண்டாம். ஒரு புதர் மறைவே போதும்.

ஆகவே கண்காட்சி நடத்துவோர், கூட்டுப் படங்களை ஏற்பதில்லை என முன்னரே அறிவித்துவிடுவது நலம். வேடந்தாங்கல் போன்ற இடங்களில், கரையில் நின்றவாறே தொலைவிலிருந்து எடுத்தவற்றுக்கு மட்டும் விலக்களிக்கலாம்.