சூலகத்துக்குப் பரவிய புற்றுக்கட்டியின் மூலத்தை சி.டி. ஸ்கேன் மூலம் அறிதல்

சூலகத்தில் (சினைப்பையில்) காணப்படும் புற்றுக்கட்டிகள் எல்லாம் அங்கேயே தோன்றியவை அல்ல. இரைப்பை, பெருங்குடல், குடல்வால், மார்பகம் ஆகியவற்றில் தோன்றிய புற்றுநோயும் சூலகத்துக்குப் பரவி வளர்வதுண்டு. இவை இரண்டாம் நிலைக் கட்டிகள் எனப்படும். மூல உறுப்பைப் பொறுத்து அறுவை சிகிச்சையும் மருந்துகளும் மாறும். மூலத்தைக் கண்டறியாமல் சூலகத்தை மட்டும் அகற்றினால் நோய் உடலிலேயே தங்கிவிடும். சிக்கல் என்னவென்றால், மூலக் கட்டி சிறிதாக, தொல்லை தராமல் இருக்கும்போதே பரவிய கட்டி பெரிதாகி, வயிறு வீங்கி, முதலில் வெளிப்பட்டுவிடுகிறது.

குருக்கென்பர்க் கட்டி

1896 இல் ஜெர்மானிய மருத்துவர் பிரீட்ரிக் குருக்கென்பர்க் சில கட்டிகளை ஆராய்ந்து, அவை சூலகத்திலேயே தோன்றும் ஒரு புதிய வகை என்று எழுதினார். அவை வேறிடத்திலிருந்து பரவியவை என்பது 1902 இல் நிறுவப்பட்டது. எனினும் அவர் பெயரே நிலைத்துவிட்டது. இக்கட்டியின் செல்களில் கோழை நிறைந்து, உட்கரு ஓரத்துக்கு ஒதுங்கி, முத்திரை மோதிரம் போலத் தெரியும். பெரும்பாலானவற்றுக்கு இரைப்பையே மூலம். வெட்டி எடுத்த கட்டியை நேரில் ஆராய்ந்தவருக்கே மூலம் புலப்படவில்லை என்பதை மாணவர்கள் கவனிக்க வேண்டும். சி.டி. ஸ்கேனின் பயனும் இங்கேதான் உள்ளது: அது சூலகத்தோடு வயிற்றின் மற்ற உறுப்புகளையும் ஒருசேரக் காட்டுகிறது.

படத்தில் தெரியும் அடையாளங்கள்

இரைப்பையிலிருந்து பரவியவை பெரும்பாலும் இரு சூலகங்களிலும் இருக்கும்; விளிம்பு தெளிவாக, உள்ளே திண்மமான பகுதி மிகுந்திருக்கும். நரம்பு வழியே கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தியபின் அத்திண்மப் பகுதி பளிச்சென்று வெளுத்துத் தெரியும்.

பெருங்குடலிலிருந்து பரவியவை வேறு மாதிரி. பல அறைகள் கொண்ட நீர்க்கட்டி போலிருப்பதால், சூலகத்திலேயே தோன்றும் கோழைக்கட்டி என்று எளிதில் எண்ணிவிடலாம். கோழைக்கட்டி ஒருபக்கம் மட்டும் இருந்து 10 செ.மீ.க்கு மேற்பட்டால் சூலகத்தில் தோன்றியது, இருபக்கமும் இருந்தாலோ அதைவிடச் சிறிதானாலோ பரவியது என்றொரு நடைமுறை விதி உண்டு. பெருங்குடல் கட்டிகள் இவ்விதியை அடிக்கடி மீறுகின்றன. ஒரே பக்கத்தில் மிகப் பெரிதாகவும் வளர்கின்றன. ஆகவே குடற்சுவர் எங்கேனும் தடித்துள்ளதா என்று தேடுவதே நம்பத்தக்க வழி.

குடல்வாலில் தோன்றிய கோழைக்கட்டி வயிற்றறைக்குள் பரவினால், கூழ் போன்ற பொருள் தேங்கிக் கல்லீரலின் விளிம்பை அலையலையாக அழுத்தும். சி.டி. படத்தில் இது நன்கு தெரியும்.

வரம்புகள்

சுருங்கிக் கிடக்கும் இரைப்பையின் மடிப்புகளுக்கிடையே சிறு புற்று மறைந்துவிடும். இதனால் ஸ்கேனுக்கு முன் நீர் குடிக்கச் செய்து இரைப்பையை விரிப்பதுண்டு. அப்படியும் தெரியாதபோது, ஐயமிருப்பின் எண்டோஸ்கோப்பி தேவை. சி.ஏ. 125 இரத்தப் பரிசோதனை இருவகைக் கட்டிகளிலும் உயரக்கூடும் என்பதால் அதைக் கொண்டு மட்டும் முடிவு செய்ய இயலாது. இறுதி முடிவு திசு ஆய்வினுடையது. சைட்டோகெராட்டின் 7, 20 என்னும் புரதங்களுக்கான சாயச் சோதனையில், சூலகப் புற்று பொதுவாக 7ஐயும் பெருங்குடற் புற்று 20ஐயும் காட்டும். இரைப்பைப் புற்று இரண்டில் எதையும் காட்டக்கூடும். அங்கே சாயமும் ஸ்கேனும் எண்டோஸ்கோப்பியும் சேர்த்தே படிக்கப்படுகின்றன.