பிறந்த தீவும் தேய்ந்த தீவும்

நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலப்பகுதியே தீவு என்று பூகோளப் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்திருக்கிறோம். அந்த இலக்கணம் சரியானதே. ஆயினும் அது தீவின் எல்லையைக் கூறுகிறதேயன்றி அதன் வரலாற்றைக் கூறவில்லை. தீவுகளுக்கும் பிறப்பு உண்டு; வளர்ச்சி உண்டு; தேய்வும் உண்டு. இதனை விளக்குவதற்கென உலகப் படத்திலிருந்து இரண்டு தீவுகளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஒன்று, வட அட்லாண்டிக் பெருங்கடலில் ஐஸ்லாந்து நாட்டுக்குத் தெற்கே உள்ள சுர்ட்சி. மற்றொன்று, பசிபிக் பெருங்கடலில் பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே உள்ள நவூரு. முன்னதில் மக்கள் எவரும் குடியிருக்கவில்லை. பின்னதோ ஒரு தனி நாடு. இரண்டும் மிகச் சிறியவை. ஆனால், நம் காலடியில் கிடக்கும் மண்ணைப் பற்றி இவை கற்பிக்கும் பாடம் பெரிது.

1963ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் காலை. ஐஸ்லாந்துக்குத் தென்பால் மீன்பிடித்துக் கொண்டிருந்த கப்பல் ஒன்றின் சமையற்காரர், தொலைவில் கரும்புகை எழுவதைக் கண்டார். வேறொரு கப்பல் தீப்பற்றி எரிகிறதோ என்று எண்ணி, உதவி செய்யும் பொருட்டு மீனவர்கள் அத்திசை நோக்கிச் சென்றனர். அங்கே கப்பல் எதுவும் இல்லை. கடலே குமுறிக் கொண்டிருந்தது! ஏறத்தாழ 130 மீட்டர் ஆழத்தில், கடலின் அடித்தரையில் எரிமலை ஒன்று வாய் திறந்திருந்தது. ஒரு சில நாட்களுக்குள் புதிய நிலம் நீர்மட்டத்திற்கு மேல் தலை நீட்டிவிட்டது. வடபுலத்துப் புராணங்களில் வரும் சுர்ட்டர் என்னும் நெருப்பு அரக்கனின் பெயரால் அதற்குச் சுர்ட்சி என்று பெயரிட்டார்கள். எரிமலை 1967ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அடங்கியபோது, தீவின் பரப்பு ஏறக்குறைய 2.7 சதுர கிலோமீட்டர்.

இதற்கு உடன்பிறப்புகளும் இருந்தன என்றால் வியப்படைவீர்கள். 1965ஆம் ஆண்டில் அருகிலேயே வேறு இரு சிறு தீவுகள் தோன்றின. ஆனால் ஓராண்டு நிறைவதற்குள்ளாகவே அவ்விரண்டையும் அலைகள் கரைத்துவிட்டன. சுர்ட்சி மட்டும் நிலைத்தது ஏன்? கொதிக்கும் பாறைக்குழம்பு கடல்நீரைத் தொட்டவுடன் நீர் ஆவியாகி வெடிக்கிறது. குழம்பு சிதறிச் சாம்பலாகவும் துகளாகவும் குவிகிறது. இவ்வாறு குவிந்தது மணல்வீடு போன்றது, அலைமுன் நில்லாது. சுர்ட்சியிலோ குவியல் உயர்ந்து, எரிமலையின் வாய்க்குள் கடல்நீர் புகமுடியாதபடி தடுத்துவிட்டது. ஆகவே 1964ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் பாறைக்குழம்பு வெடியாமல் வழிந்தோடி, இறுகி, சாம்பல் மேட்டின்மீது கவசம் போலப் படிந்தது. அக்கவசம் பெறாத உடன்பிறப்புகள் மறைந்தன, பெற்றது பிழைத்தது.

இனி, உயிர்கள் வந்த கதையைக் காண்போம். புதிதாய்ப் பிறந்த அத்தீவில் பாறை இருந்தது, சாம்பல் இருந்தது, மண் இல்லை. கல்லுக்கும் மண்ணுக்கும் என்ன வேறுபாடு என்று வகுப்பறையில் நான் மாணவர்களைக் கேட்பதுண்டு. பொடித்த கல்தான் மண் என்று பலர் விடை கூறுவர். அவ்வளவுதானா? வாழ்ந்து மடிந்த உயிர்களின் எச்சம் கலந்தால்தான் கல்தூள் மண்ணாகிறது. சுர்ட்சிக்கு அந்த எச்சம் எங்கிருந்து வரும்? 1965ஆம் ஆண்டில், அலையில் மிதந்து வந்த விதையிலிருந்து கடற்கரைச் செடி ஒன்று முளைத்தது. காற்றும் சில வித்துக்களைச் சுமந்து வந்தது. எனினும் இருபது ஆண்டுகள்வரை பசுமை மிக அரிதாகவே இருந்தது. 1980களின் நடுப்பகுதியில் கடற்காகங்கள் கூட்டமாக வந்து கூடுகட்டத் தொடங்கிய பின்னரே நிலை மாறியது. அப்பறவைகள் கடலில் மீன் உண்டு, தரையில் எச்சமிட்டன. நம் உழவர்கள் வயலில் ஆட்டுக்கிடை போட்டு உரமேற்றுவதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே வேலையைக் கூலியின்றிப் பறவைகள் செய்தன. எச்சத்தில் இருந்த நைட்ரஜனும் பாஸ்பரஸும் பாறையை வளமாக்கின, புல் படர்ந்தது, பூச்சிகள் பெருகின, 1993ஆம் ஆண்டில் மண்புழுவும் காணப்பட்டது. இன்றுவரை அறுபதுக்கும் மேற்பட்ட செடியினங்களை அங்கே அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள்.

இவ்வளவையும் அறிய முடிந்ததற்குக் காரணம், மனிதன் அங்கே கைவைக்காமல் இருந்ததுதான். 1965ஆம் ஆண்டிலேயே அத்தீவு பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவிக்கப்பட்டது. அனுமதி பெற்ற ஆராய்ச்சியாளர் சிலரைத் தவிர வேறு எவரும் அங்குக் கால் வைக்கலாகாது. அவர்களும் விதை எதையும் கொண்டு செல்லாதபடி எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும். ஒருமுறை அங்கே தக்காளிச் செடி ஒன்று முளைத்திருந்தது. ஆராய்ந்து பார்த்ததில், வந்து சென்றவர் ஒருவரின் கழிவிலிருந்து முளைத்தது என்று தெரிந்தது. உடனே அது பிடுங்கப்பட்டது. ஒரு செடிக்காக இவ்வளவு கண்டிப்பா என்று நீங்கள் நகைக்கலாம். மனிதன் இட்ட விதைக்கும் இயற்கை இட்ட விதைக்கும் வேறுபாடு தெரியாமற் போனால், அதன்பின் அத்தீவிலிருந்து கற்பதற்கு ஏதுமில்லை. இதன் அருமையை உணர்ந்தே 2008ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் சுர்ட்சியை உலகப் பாரம்பரியச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

வளம் என்பது எவ்வளவு மெல்லச் சேர்கிறது என்பதைச் சுர்ட்சியில் கண்டோம். அங்கே பறவைகள் சிறுகச் சிறுகக் கொண்டுவந்து சேர்க்கும் அதே பாஸ்பரஸ், பன்னெடுங்காலமாகப் படிந்து மேடாகக் கிடந்த இடம் நவூரு. அந்நாட்டின் மொத்தப் பரப்பே 21 சதுர கிலோமீட்டர்தான். கடலிலிருந்து உயர்த்தப்பட்ட பவழப்பாறையே அத்தீவு. ஓரத்தில் மக்கள் வாழும் குறுகிய சமநிலம், நடுவில் மேட்டுநிலம். அந்த மேட்டில், பவழப்பாறைத் தூண்களின் இடுக்குகளை நிறைத்துக்கொண்டு, உலகிலேயே உயர்ந்த தரமான பாஸ்பேட் கிடந்தது. அதன்மேல் காடு வளர்ந்திருந்தது.

அச்செல்வம் வெளியுலகுக்குத் தெரியவந்த விதம் விந்தையானது. ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் ஓர் அலுவலகத்தில், கதவு சாத்திக்கொள்ளாதிருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அது நவூருவிலிருந்து வந்த கல். ஆல்பர்ட் எல்லிஸ் என்பவர் ஐயங்கொண்டு அதனைச் சோதித்துப் பார்த்தார். அது பாஸ்பேட் என்று தெரிந்தது. 1907ஆம் ஆண்டு முதல் கப்பல் கப்பலாக அது வெளியேறத் தொடங்கியது. அப்போது ஜெர்மனியின் ஆட்சியில் இருந்த தீவு, முதல் உலகப்போருக்குப் பின் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று நாடுகளின் பொறுப்பில் விடப்பட்டது. உலகச் சந்தை விலையினும் குறைந்த விலைக்கு நவூருவின் பாஸ்பேட் ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாயிற்று. நிலத்துக்கு உரியவர்களுக்குக் கிடைத்ததோ மிகச் சொற்பம். குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது நம் பழமொழி. நவூருவில் குந்தித் தின்றவர் வேறு. குன்றை இழந்தவர் வேறு.

அம்மக்கள் பட்ட துன்பம் இது மட்டுமன்று. இரண்டாம் உலகப்போரில் தீவைக் கைப்பற்றிய ஜப்பானியப் படை, 1943ஆம் ஆண்டில் 1,200 நவூரு மக்களைத் தொலைவிலுள்ள ட்ரக் தீவுகளுக்குக் கொண்டு சென்றது. 1946ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் உயிருடன் தாயகம் திரும்பியவர்கள் 737 பேரே. பின்னர் 1960களில், பாஸ்பேட் தீர்ந்துபோகும் காலம் வரும் என்பதை உணர்ந்த ஆஸ்திரேலியா, தன் கரையோரத்தில் உள்ள கர்ட்டிஸ் என்னும் தீவில் அவர்களைக் குடியேற்ற முன்வந்தது. தனி இனமாகத் தம்மைத் தாமே ஆளும் உரிமை அங்கே கிட்டாது என்று கண்ட நவூரு மக்கள், 1964ஆம் ஆண்டில் அதனை மறுத்துவிட்டனர். 1968ஆம் ஆண்டு, தாயகம் திரும்பிய அதே ஜனவரி 31ஆம் நாளில், சுதந்திரம் பெற்றனர்.

சுதந்திர நவூரு 1970ஆம் ஆண்டில் பாஸ்பேட் தொழிலைத் தன் கைக்குக் கொண்டுவந்தது. சில காலம், தலைக்கு இவ்வளவு வருமானம் என்ற கணக்கில் உலகின் மிகச் செல்வமான நாடுகளுள் ஒன்றாக விளங்கியது. ஆனால் சேமித்த பணத்தை முதலீடு செய்த இடங்கள் பல நட்டத்தில் முடிந்தன, பாஸ்பேட்டும் குறைந்தது, செல்வம் கரைந்தது. சுதந்திரத்துக்கு முன் தோண்டிய நிலத்தைச் சீர்படுத்தித் தரவேண்டும் என்று கோரி, 1989ஆம் ஆண்டில் நவூரு அனைத்துலக நீதிமன்றத்தில் ஆஸ்திரேலியாமீது வழக்குத் தொடுத்தது. 1993ஆம் ஆண்டில் இரு நாடுகளும் உடன்பாடு கண்டன. ஆஸ்திரேலியா 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர இசைந்தது. பணம் வந்தது, மண் வரவில்லை.

இன்று அத்தீவின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தோண்டப்பட்ட நிலம். காடு நின்ற இடத்தில், கூர்கூரான சுண்ணப்பாறைத் தூண்கள் நிற்கின்றன. அவற்றினிடையே ஏர் ஓட்டவும் இயலாது, வீடு கட்டவும் இயலாது. அங்கு வாழும் ஏறக்குறைய 12,000 மக்களின் உணவில் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது. மற்றுமொரு கவலையும் உண்டு. கடல்மட்டம் உயர்ந்து வருகிறது. கரையோரத்தில் வாழ்வோர் மேட்டுக்குப் போக வேண்டும். அவர்களுக்கு இருக்கும் மேடோ அந்தப் பாழ்பட்ட மேடு ஒன்றுதான். அதனைச் செப்பனிட்டுக் குடியேறும் முயற்சியில் அந்நாடு இப்போது ஈடுபட்டிருக்கிறது.

மாணவர்களே! சுர்ட்சியும் தேய்ந்துதான் வருகிறது. அதன் பரப்பில் பாதியளவை அலைகள் ஏற்கெனவே கொண்டு போய்விட்டன. அது கடலின் செயல். அதனை யாரும் குறை கூறுவதற்கில்லை. நவூருவைத் தேய்த்தவை கடல் அலைகள் அல்ல. கோதுமை வயலுக்கும் புல்வெளிக்கும் உரம் வேண்டும் என்ற மனிதத் தேவையே. அத்தேவை பொய்யானது அன்று. நமக்கும் அது உண்டு. இந்தியா தனக்கு வேண்டிய பாஸ்பேட் பாறையில் பெரும்பகுதியை மொராக்கோ, ஜோர்டான் முதலிய நாடுகளிலிருந்து வாங்குகிறது. அப்பாறையும் எடுக்க எடுக்கக் குறைவதே. அடுத்த முறை வயல் வரப்பில் உரமூட்டை ஒன்றைக் காணும்போது, உலகப் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இது எந்த நிலத்திலிருந்து வந்தது, தோண்டிய இடம் இப்போது எப்படி இருக்கிறது, அங்கே வாழ்கிறவர்கள் யார் என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். அவருக்கு விடை தெரியாவிட்டால் இருவருமாகத் தேடுங்கள்.