பட்டதாரி விசா: கணக்கு எந்தத் தேதியில்?

பிரிட்டனில் படித்து முடிக்கும் அந்நிய நாட்டு மாணவர்களுக்கான பட்டதாரி விசா, 2027 ஜனவரி 1 முதல் இரண்டு ஆண்டுகளுக்குப் பதிலாகப் பதினெட்டு மாதங்களாகக் குறைகிறது என்ற அறிவிப்பை ஒட்டி, "என் மகள் முன்பே சேர்ந்துவிட்டாளே, அவளுக்கும் இது பொருந்துமா?" என்றே வாசகர்கள் பலர் எழுதுகிறார்கள்.

பொருந்தக்கூடும். சேர்ந்த தேதியை அல்ல, விசாவுக்கு விண்ணப்பிக்கும் தேதியையே அரசாங்கம் கணக்கில் கொள்கிறது. அந்தத் தேதியோ பெரும்பாலும் மாணவர் வசத்தில் இல்லை என்பதுதான் என் மனத்தை உறுத்தும் விஷயம். படிப்பு வெற்றிகரமாக முடிந்தது என்று சர்வகலாசாலை உள்துறை இலாகாவுக்குத் தெரிவித்த பிறகே, அதுவும் மாணவர் விசா காலாவதியாகுமுன், பிரிட்டனில் இருந்தபடியே விண்ணப்பிக்கலாம். 2025 செப்டம்பரில் ஓராண்டு முதுகலையில் சேர்ந்தவர் மறு செப்டம்பரில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாலும், தேர்வுக் குழு கூடி, முடிவு வெளியாகி, தகவல் இலாகாவை எட்டுவதற்குள் டிசம்பர் பிறந்துவிடக் கூடும். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குமுன் அது போய்ச் சேராவிட்டால், தம் பிழை ஏதுமின்றியே அவர் ஆறு மாதங்களை இழப்பார். 2024-இல் மூன்றாண்டு இளங்கலையில் சேர்ந்தவரின் நிலை இன்னும் பரிதாபம்: இரண்டு ஆண்டு என்ற வாக்கை நம்பிப் பணம் கட்டிய அவருக்கு, அந்த வாக்கு பாதி வழியிலேயே மாறிவிட்டது.

திறமைசாலிகளை வரவேற்கும் ஏற்பாடு என்று இந்த விசாவை அரசாங்கம் வர்ணிக்கிறது. இங்கிலாந்தில் உள்நாட்டு மாணவரின் கட்டண உச்சவரம்பை 2017 முதல் எட்டு ஆண்டுகள் 9,250 பவுனிலேயே நிறுத்திவைத்து, அதனால் சர்வகலாசாலைகளுக்கு நேர்ந்த பற்றாக்குறையை வெளிநாட்டார் பணத்தால் ஈடுகட்டச் செய்த ஏற்பாடு என்பதே என் அபிப்பிராயம். குடியேற்றக் கணக்கில் மாணவர்களும் சேர்வதால், அந்தத் தொகை ஏறிப் பொதுஜனக் கோபம் எழும்போதெல்லாம் கதவு சாத்தப்படுகிறது. 2012 ஏப்ரலில், படிப்புக்குப் பிந்தைய பழைய வேலை விசா ரத்தாயிற்று. இந்திய மாணவர் தொகை சில ஆண்டுகளில் பாதிக்கும் கீழே சரிந்தது. 2019-இல், 2030-க்குள் ஆறு லட்சம் மாணவர் என்று இலக்கு வகுத்து, 2021 ஜூலையில் இன்றைய விசாவைத் திறந்தார்கள். இலக்கு ஓரிரு ஆண்டுகளிலேயே எட்டப்பட்டதும் கட்டுப்பாடுகள் திரும்பின.

ஏனைய கேள்விகள்:

முனைவர் பட்டதாரிகளுக்கு? மூன்று ஆண்டுகள், மாற்றமில்லை.

விசாவை நீட்டிக்கலாமா? முடியாது, தகுதியிருந்தால் வேறு விசாவுக்கு மாறலாம்.

குடும்பத்தை அழைத்துப் போகலாமா? 2024 ஜனவரி 1 அல்லது அதற்குப் பின் தொடங்கிய, ஆராய்ச்சி சாராத முதுகலைப் படிப்புகளுக்குப் பொதுவாக அனுமதியில்லை.

புதிய தீர்வை? 2028 ஆகஸ்டு முதல், வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு ஆண்டுக்கு 925 பவுன் வீதம் இங்கிலாந்துச் சர்வகலாசாலைகள் செலுத்த வேண்டும் என்பது திட்டம். அது கட்டணத்தில் ஏறும் என்றே நான் அஞ்சுகிறேன்.