பழைய ஃப்ளாஷ் ஃபைலை புது சாஃப்ட்வேரில் திறந்தால் என்ன ஆகும்? அப்கிரேடு செய்யும் முன் டெவலப்பர்கள் கவனிக்க வேண்டியவை

பதினைந்து வருஷத்துக்கு முன்பு செய்த ஒரு குட்டி கேம். அல்லது குழந்தைகளுக்காகச் செய்த ஒரு அனிமேஷன் பாடம். ஹார்டு டிஸ்க்கில் ஃபைல் பத்திரமாக இருக்கிறது. புதிதாக இன்ஸ்டால் செய்த அடோபி அனிமேட்டில் அதைத் திறக்கிறார் டெவலப்பர். படம் வருகிறது, கலர் வருகிறது, பொம்மை கையை ஆட்டுகிறது. ஆனால் பட்டனை அழுத்தினால் ஒன்றுமே நடப்பதில்லை!

ஃப்ளாஷ் காலத்து வேலையைப் புது மென்பொருளுக்கு மாற்றுபவர்களுக்குக் கிடைக்கும் முதல் அதிர்ச்சி பெரும்பாலும் இதுதான். ஃபைல் கெட்டுப்போச்சா? சாஃப்ட்வேரில் கோளாறா? இரண்டும் இல்லை. அப்படியென்றால் என்னதான் பிரச்சினை? விரிவாகப் பார்க்கலாம்.

ஃப்ளாஷ், அனிமேட்: இரண்டும் ஒன்றா?

1996-ல் ஃபியூச்சர்வேவ் என்ற சிறிய நிறுவனம் ‘ஃபியூச்சர்ஸ்பிளாஷ் அனிமேட்டர்’ என்ற மென்பொருளைக் கொண்டு வந்தது. அந்த நிறுவனத்தை வாங்கிய மேக்ரோமீடியா, அதற்கு ‘ஃப்ளாஷ்’ என்று பெயர் வைத்தது. 2005 டிசம்பரில் மேக்ரோமீடியாவையே அடோபி வாங்கிவிட்டது. 2016-ல் அதே மென்பொருள் ‘அனிமேட்’ என்று பெயர் மாறியது.

இங்கேதான் பலருக்கும் ஒரு குழப்பம். ஃப்ளாஷ் என்ற பெயரில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, படத்தையும் கேமையும் உருவாக்கும் மென்பொருள். மற்றொன்று, அதை பிரவுசரில் ஓட வைக்கும் ஃப்ளாஷ் பிளேயர். நின்றுபோனது பிளேயர்தான். 2020 டிசம்பர் 31-ம் தேதியோடு அதற்கான ஆதரவை அடோபி நிறுத்தியது. 2021 ஜனவரி 12 முதல் பிளேயரே ஃப்ளாஷ் ஃபைல்களை ஓட்ட மறுத்தது. உருவாக்கும் மென்பொருள் மட்டும் அனிமேட் என்ற பெயரில் தொடர்ந்தது.

பிளேயர் போனதன் பாதிப்பு சாதாரணமானது அல்ல. தென்னாப்பிரிக்காவின் வரித்துறை, தன்னுடைய சில படிவங்கள் ஃப்ளாஷில் இருந்ததால், அவற்றைத் திறப்பதற்காகவே 2021 ஜனவரியில் தனியாக ஒரு பிரவுசரை வெளியிட வேண்டியிருந்தது. ஒரு அரசுத் துறைக்கே இந்த நிலை என்றால், தனியாக வேலை பார்க்கும் டெவலப்பரின் நிலையைச் சொல்லவே வேண்டாம்.

பட்டன் ஏன் வேலை செய்யவில்லை?

ஃப்ளாஷ் ஃபைலில் படம் வேறு, கோடிங் வேறு. அதில் கோடிங் எழுதப் பயன்பட்ட மொழிதான் ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட். முதல் பதிப்பு 2000-ல் ஃப்ளாஷ் 5-உடன் வந்தது. இரண்டாம் பதிப்பு 2003-ல் வந்தது. 2006-ல் வந்த மூன்றாம் பதிப்பு, முந்தைய இரண்டிலிருந்தும் அடியோடு மாறியிருந்தது.

உதாரணத்துக்கு, பழைய பதிப்புகளில் ஒரு பட்டனைத் தேர்ந்தெடுத்து அதன் மீதே கோடிங் எழுதிவிடலாம். மூன்றாம் பதிப்பில் அதற்கு அனுமதி இல்லை. டைம்லைனிலோ தனி ஃபைலிலோதான் எழுதணும். பட்டனை யாராவது அழுத்துகிறார்களா என்று கவனிக்க ஒரு ‘லிசனர்’ வைக்கணும்.

அளவுகளும் மாறின. ஒரு படம் எவ்வளவு தெளிவாகத் தெரியணும் என்பதைச் சொல்லும் ‘ஆல்ஃபா’ மதிப்பு முன்பு 0 முதல் 100 வரை. புதியதில் 0 முதல் 1 வரை. பாதி மங்கலாக வேண்டும் என்றால் முன்பு 50, இப்போது 0.5. பழைய பழக்கத்தில் 50 என்று போட்டால் பாதி மங்கல் கிடைக்காது. படத்தைப் பெரிதாக்கும், சிறிதாக்கும் அளவுக்கும் இதே கதைதான்.

2013-ல் வந்த ஃப்ளாஷ் புரொஃபஷனல் சிசி பதிப்பில், ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1 மற்றும் 2-க்கான ஆதரவு மொத்தமாக நீக்கப்பட்டது. அதற்கு முந்தைய சிஎஸ்6-தான் பழைய கோடிங்கை ஏற்றுக்கொண்ட கடைசிப் பதிப்பு. அதனால்தான் பழைய ஃபைலில் பொம்மை ஆடுகிறது, பட்டன் மட்டும் பேசாமல் இருக்கிறது.

இப்படி நடப்பது இதுதான் முதல் முறையா?

இல்லை. 2003-ல் ஃப்ளாஷ் எம்எக்ஸ் 2004 வெளிவந்தபோதும் டெவலப்பர்கள் இதேபோலத் தடுமாறினார்கள். அதுவரை ஒரு பெயரை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதினாலும் சின்ன எழுத்தில் எழுதினாலும் ஃப்ளாஷ் ஒன்றாகவே எடுத்துக்கொண்டது. புதிய பிளேயர் 7-க்காக வெளியிட்டால் இரண்டும் வேறு வேறு. ஒரு எழுத்து மாறியிருந்தாலும் கோடிங் வேலை செய்யாது.

இன்னொன்று, மதிப்பே கொடுக்காமல் விட்ட இடத்தை முன்பு பூஜ்ஜியம் என்று எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டது ஃப்ளாஷ். புதியதில் அது ‘எண்ணே அல்ல’ என்று பதில் சொன்னது. நேற்றுவரை ஸ்கோர் காட்டிய கேம், மறுபடி பப்ளிஷ் செய்ததும் எண்ணுக்குப் பதிலாக மூன்று எழுத்துகளைக் காட்டினால் யாருக்குத்தான் கோபம் வராது?

கோடிங் தெரியாத டிசைனர்கள், லிஸ்ட்டில் கிளிக் செய்தே கட்டளைகளைச் சேர்க்க உதவிய ‘நார்மல் மோடு’ம் அந்தப் பதிப்பில் காணாமல் போனது. எதிர்ப்பு கிளம்பவே, 2005-ல் வந்த ஃப்ளாஷ் 8-ல் ‘ஸ்கிரிப்ட் அசிஸ்ட்’ என்ற பெயரில் அந்த வசதி திரும்ப வந்தது.

எச்டிஎம்எல்5-க்கு மாற்றினால் சரியாகிவிடுமா?

அனிமேட்டில் பழைய ஃபைலை ‘எச்டிஎம்எல்5 கேன்வாஸ்’ வகைக்கு மாற்றும் வசதி இருக்கிறது. பிளேயர் எதுவும் இல்லாமலே மொபைல் பிரவுசரில் ஓடும் என்பதால் பலரும் தேர்ந்தெடுப்பது இதைத்தான். வரைந்த படம், அசைவு, ஒலி பெரும்பாலும் வந்துவிடும். ஆனா கோடிங் வராது. பழைய கோடிங்கை வேலை செய்யாத வெறும் குறிப்பாக மாற்றி வைத்துவிடும். டெவலப்பர் அதைப் பார்த்து ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதணும்.

அதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. ஆக்‌ஷன்ஸ்கிரிப்டில் டைம்லைனின் முதல் ஃபிரேம் 1. கேன்வாஸ் வகைக்குப் பின்னால் இயங்கும் கிரியேட்ஜேஎஸ் கணக்கில் முதல் ஃபிரேம் 0. அதாவது ‘10-வது ஃபிரேமுக்குப் போ’ என்று பழைய கணக்கில் எழுதினால், அது 11-வது ஃபிரேமில் போய் நிற்கும். அனிமேஷன் ஒரே ஒரு ஃபிரேம் தள்ளி ஓடுவதற்குக் காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்ள இது ஒன்று போதும்.

3டி சுழற்சி, சில பிளெண்ட் மோடுகள் போன்றவையும் இந்த மாற்றத்தில் அடிபட்டுப் போகும். எதெல்லாம் போனது என்பதை முதலில் பட்டியல் போட்டுக்கொள்வது நல்லது.

அனிமேட்டுக்கும் மூடுவிழாவா?

2026 பிப்ரவரி தொடக்கத்தில், மார்ச் 1 முதல் அனிமேட் நிறுத்தப்படும் என்று அடோபி அறிவித்தது. அனிமேஷன் கலைஞர்கள் மத்தியில் கடும் எதிர்ப்பு எழுந்தது. ஒரு சில நாட்களிலேயே நிறுவனம் இறங்கி வந்தது. அனிமேட் நிறுத்தப்படாது, ‘பராமரிப்பு நிலை’யில் தொடரும் என்று விளக்கம் கொடுத்தது. அதாவது பிழைகள் சரி செய்யப்படும், புதிய வசதிகள் வராது.

எனவே பழைய ஃபைல்களை அனிமேட்டுக்கு மாற்றினாலே வேலை முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிட முடியாது.

அப்கிரேடு செய்யும் முன் என்ன செய்யணும்?

* முதலில் ஒரு நகல்: புது பதிப்பில் திறந்து அதே பெயரில் சேவ் செய்தால், பழைய பதிப்பில் அது மறுபடி திறக்காமல் போகலாம். எப்போதும் நகலைத்தான் திறக்கணும்.

* மூல ஃபைல் எது என்று பாருங்கள்: திருத்தக்கூடியது எஃப்எல்ஏ ஃபைல். எஸ்டபிள்யூஎஃப் என்பது அதிலிருந்து வெளியிட்ட பிரதி. பிரதி மட்டும்தான் இருக்கிறது என்றால் திருத்துவது மிகவும் சிரமம்.

* ஜிப் வழி: 2010-ல் வந்த சிஎஸ்5 முதல், எஃப்எல்ஏ என்பது உண்மையில் ஒரு ஜிப் ஃபைல்தான். நகல் எடுத்து, கடைசிப் பெயரை ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல் ஃபைல்கள் இருக்கும். மென்பொருளே இல்லாவிட்டாலும் எழுதிய கோடிங்கை அதில் தேடிப் படிக்கலாம்.

* பொதுவான வடிவங்களில் சேமியுங்கள்: வரைந்த படங்களை எஸ்விஜி அல்லது பிஎன்ஜி ஆகவும், முழு அனிமேஷனை வீடியோவாகவும், கோடிங்கை சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகவும் எடுத்து வையுங்கள். ஒலி, ஃபான்ட் ஃபைல்களையும் அதே ஃபோல்டரில் போடுங்கள்.

* பழைய கணினியை அவசரப்பட்டு விற்க வேண்டாம்: 2019-ல் வந்த மேக் கேட்டலினா முதல் 32-பிட் மென்பொருள்கள் ஓடுவதில்லை. பழைய ஃப்ளாஷ் பதிப்புகளும் இதில் சிக்கும்.

* ஓட்டிக் காட்டினால் போதுமா?: திருத்த வேண்டியதில்லை, பார்த்தால் போதும் என்பவர்களுக்கு ‘ரஃபிள்’ என்ற இலவச எமுலேட்டர் இருக்கிறது. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளம் 2020 நவம்பர் முதல் பழைய ஃப்ளாஷ் கேம்களை ஓட்டிக் காட்டுவது இதன் துணையோடுதான். பழைய ஆக்‌ஷன்ஸ்கிரிப்ட் 1, 2 ஃபைல்கள் இதில் நன்றாகவே ஓடுகின்றன.

அப்கிரேடு என்றாலே எல்லாம் மேம்படும் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் ஃப்ளாஷ் விஷயத்தில் ஒவ்வொரு மாற்றத்திலும் வரைந்தவர்களின் உழைப்பு ஓரளவு தப்பியது, கோடிங் எழுதியவர்களின் உழைப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கியது. உங்களிடமும் அப்படியொரு பழைய ஃபோல்டர் இருந்தால், இன்றைக்கே ஒரு நகல் எடுத்து, கோடிங்கை டெக்ஸ்ட் ஃபைலில் காப்பி செய்துவிடுங்கள். அப்கிரேடு பட்டனை அதற்குப் பிறகு அழுத்தலாம்.