வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் போதும்

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில் கூடல்நகரைத் தாண்டியதும் வருவது சமயநல்லூர். அங்கே தண்டவாளத்துக்கு மேலே ஓடும் கம்பியில் 25,000 வோல்ட். வயல்களில் நீர் இறைக்கும் த்ரீ பேஸ் மோட்டாருக்கு 400 வோல்ட். வீட்டு பிளக்கில் 230 வோல்ட். 2001-இல் இந்த ஊரில் உற்பத்தி தொடங்கிய தனியார் மின் நிலையத்தின் திறன் 106 மெகாவாட். கனரக எண்ணெயில் ஓடும் டீசல் எஞ்சின்களைக் கொண்டிருந்தது அது. ஒரே ஊருக்குள் மின்சாரம் இத்தனை அளவுகளில் ஓடுவதற்கான காரணத்தை ஒரு பெருக்கலும் ஒரு வகுத்தலும் சொல்லிவிடும். இரண்டும் பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் நாம் படித்தவைதான்.

வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, அலகு ஓம். வோல்ட்டை ஆம்பியரால் பெருக்கினால் மின்திறன், அலகு வாட். முதல் கணக்குக்கு வழி காட்டியவர் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கேயார்க் சைமன் ஓம். அந்தக் காலத்து மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காது. அதனால் அவர் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு முனையைக் கொதிநீரிலும் மறுமுனையைப் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின் அழுத்தத்தை உண்டாக்கிக்கொண்டார். வெவ்வேறு நீளக் கம்பிகளை மாட்டி அளந்து கண்ட விதியை 1827-இல் நூலாக வெளியிட்டார். கம்பியில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கும் மின்தடைக்கும் ஏற்ப அமைகிறது என்று 1841-இல் காட்டியவர் இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல்.

வீட்டு அயர்ன் பாக்ஸில் தொடங்குவோம். 230 வோல்ட்டில் 4.35 ஆம்பியர் எடுக்கிறது என்றால், பெருக்கினால் ஏறத்தாழ 1,000 வாட். வகுத்தால் சுமார் 53 ஓம். மாலையில் வோல்டேஜ் 207-க்கு இறங்குகிறது என்று வையுங்கள். மின்தடை பெரிதாக மாறாது, ஆம்பியர் 3.9 ஆகக் குறையும். மின்திறன் 810 வாட். வோல்டேஜ் குறைந்தது பத்து சதவீதம்தான், சூடு குறைந்ததோ பத்தொன்பது சதவீதம். வோல்ட்டோடு ஆம்பியரும் சேர்ந்து இறங்குவதால் வரும் விளைவு இது.

பழைய 100 வாட் குண்டு பல்பு இன்னொரு பாடம் சொல்லும். எரியும்போது அதன் மின்தடை 529 ஓம். அதையே கழற்றி, ஆறவிட்டு மல்டிமீட்டரில் அளந்தால் நாற்பது ஓமைக்கூடத் தொடாது. டங்ஸ்டன் இழை சூடாக ஆக அதன் மின்தடை பல மடங்கு ஏறுவதே காரணம். ஆகவே சுவிட்ச் போட்ட கணத்தில் பல்பு வழக்கத்தைவிடப் பத்து மடங்குக்கும் மேலான ஆம்பியரை இழுக்கும். இழை பலவீனப்பட்ட பல்பு பெரும்பாலும் அப்போதுதான் பியூஸ் போகும். மின்தடையைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு அளவையும் எடுக்க வேண்டும்.

கம்பிக்கும் மின்தடை உண்டு. டிரான்ஸ்பார்மரில் 230 வோல்ட், கடைசி வீட்டில் 200 வோல்ட், கம்பியில் ஓடுவது 20 ஆம்பியர் என்று கொள்வோம். வழியில் தொலைந்த 30 வோல்ட்டை 20-ஆல் வகுத்தால் கம்பியின் மின்தடை ஒன்றரை ஓம். பெருக்கினால் 600 வாட். அத்தனையும் யாருக்கும் பயன்படாமல் காற்றைச் சூடாக்கிப் போகிறது.

இழப்பைக் குறைக்க ஆம்பியரைக் குறைக்க வேண்டும். அதற்கு வோல்ட்டை ஏற்ற வேண்டும். 106 மெகாவாட்டை 110 கிலோவோல்ட்டில் அனுப்பினால், த்ரீ பேஸ் கணக்குப்படி ஒவ்வொரு கம்பியிலும் சுமார் 556 ஆம்பியர் ஓடும். அதையே 400 வோல்ட்டில் அனுப்பினால் ஒன்றரை லட்சம் ஆம்பியருக்கு மேல். வோல்ட் 275 மடங்கு ஏறும்போது, அதே கம்பியில் வீணாகும் வெப்பம் எழுபத்தைந்தாயிரத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. ரயிலுக்கும் இதே நியாயம்தான். 6,000 குதிரைத்திறன் எஞ்சினுக்கு 25,000 வோல்ட்டில் ஏறத்தாழ 180 ஆம்பியர் போதும். 230 வோல்ட்டில் ஓட்டுவதானால் பத்தொன்பதாயிரம் ஆம்பியருக்கு மேல் வேண்டும்; அதைத் தாங்கும் கம்பியைத் தண்டவாளத்துக்கு மேலே தொங்கவிட முடியாது.

விவசாயிக்கு மிகவும் தேவையான கணக்கு மோட்டாரில் இருக்கிறது. அயர்ன் பாக்ஸைப் போல லோ வோல்டேஜில் மோட்டாரும் குறைவாக இழுக்கும் என்று நினைத்தால் தவறு. பம்பு கேட்கும் வேலை ஏறக்குறைய அப்படியே இருப்பதால், வோல்ட் குறைந்ததை ஈடுகட்ட மோட்டார் அதிக ஆம்பியரை இழுக்கும். ஐந்து எச்.பி. மோட்டார் 400 வோல்ட்டில் சுமார் ஏழரை ஆம்பியர் எடுக்கும். 320 வோல்ட்டுக்கு இறங்கினால் அது ஒன்பதைத் தாண்டும். ஆம்பியர் கூடியது கால் பங்கு; ஜூல் சொன்ன இருமடிக் கணக்கில் காயிலின் சூடு கூடியதோ பாதிக்கும் மேல். இன்சுலேஷன் கருகி, காயில் எரிந்து, மோட்டார் வைண்டிங் கடைக்குப் போவது பல நேரம் இப்படித்தான். பயிர் தண்ணீருக்குக் காத்திருக்கும் வாரத்தில் அந்தச் செலவும் தாமதமும் ஒரு குடும்பத்துக்குப் பெரிய அடி.

ஸ்டார்ட்டர் பெட்டியின் வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் அலங்காரத்துக்கு வைத்தவை அல்ல. மோட்டாரில் பொருத்திய தகட்டில் அதன் முழுச்சுமை ஆம்பியர் எழுதியிருக்கும். அதைப் பெட்டியின் கதவில் பெயிண்டால் பெரிதாக எழுதி வையுங்கள். ஓவர்லோட் ரிலேயை அந்த அளவுக்கே திருப்பி வைக்கச் சொல்லுங்கள். முள் அந்த எண்ணைத் தாண்டி நின்றால் மோட்டாரை உடனே நிறுத்துங்கள். லைன்மேனிடம் முறையிடும்போதும் "வோல்டேஜ் கம்மி" என்பதோடு நிறுத்தாமல், எந்த நேரத்தில் எத்தனை வோல்ட், எத்தனை ஆம்பியர் என்று குறித்துச் சொல்லுங்கள். எண்ணோடு வரும் புகாருக்குக் காரணம் தேடுவது அவருக்கும் எளிது.