சிற்றிரயிலைக் காத்த தொண்டர்கள்

செம்பனைத் தோட்டங்கள் சிலவற்றில், வெட்டிய குலைகளை ஆலைக்கு இழுத்துச் செல்லும் சிற்றிரயிலை நம் வாசகர்கள் பலர் அறிவர். வேலை தீர்ந்ததும் அத்தகைய வண்டிகள் பழைய இரும்பாக விலைபோவதே வழக்கம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் அவ்வாறு அழியவிருந்த ஒரு சிற்றிரயிலைப் பொதுமக்கள் சிலர் தம் கையாலேயே காப்பாற்றினர். டாலிலின் இரயில்பாதை என்பது அதன் பெயர். தொண்டர்கள் பொறுப்பேற்று நடத்திய உலகின் முதல் இரயில்பாதை அதுவே.

அமெரிக்க உள்நாட்டுப் போரால் பஞ்சு வரத்துக் குறைந்த காலத்தில், மான்செஸ்டர் நகரத்துப் பஞ்சாலை முதலாளிகள் சிலர் வேறு தொழிலை நாடினர். வேல்ஸ் மலையில் கூரைக்கு வேயும் சிலேட்டுக்கல்லை வெட்டி, கடற்கரை ஊராகிய டவினுக்குக் கொண்டுவர 1865-66-இல் இப்பாதையை அமைத்தனர். தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 2 அடி 3 அங்குலம்; அதாவது 686 மில்லிமீட்டர். நம் கே.டி.எம். பாதையோ ஒரு மீட்டர் அகலமுடையது. பாதை குறுகினால் மலைச்சரிவில் வளைத்து வளைத்துச் செல்லலாம்; மண்வெட்டும் செலவும் குறையும்.

பெரிய நீராவி எஞ்சின்கள் நீரையும் நிலக்கரியையும் பின்னால் தனி வண்டியொன்றில் இழுத்துச் செல்லும். சிறிய எஞ்சின்கள் பலவும் அவற்றைத் தம் உடலிலேயே சுமக்கும். இவையே தொட்டி எஞ்சின்கள். நீரின் எடை சக்கரங்களை அழுத்துவதால் பிடிப்பு மிகும்; திருப்புமேடை இல்லாமலே முன்னும் பின்னும் ஓடலாம். இப்பாதைக்கென ஒயிட்ஹேவன் நகரில் இரண்டு எஞ்சின்கள் செய்யப்பட்டன. 1864-இல் செய்த 'டாலிலின்', குதிரைக்குச் சேணம் பூட்டியதுபோல் கொதிகலன்மேல் தொட்டியைச் சுமக்கிறது. 1866-இல் செய்த 'டோல்கோக்' அதனைச் சட்டத்துக்குள்ளும் பின்புறத்திலும் தாழ்வாக வைத்துள்ளது.

அரசாங்க ஆய்வாளர் 1866-இல் வந்து பார்த்தபோது, பாதைக்கு மேலே செல்லும் பாலங்களின் உள்ளகலம் போதாதெனக் கண்டார். கதவைத் திறந்து இறங்குபவர் சுவரில் அல்லவா மோதுவார்! பாலங்களை இடித்துக் கட்ட நிர்வாகத்தினர் முனையவில்லை. தண்டவாளத்தை ஒருபுறமாக நகர்த்தி, பெட்டிகளின் மறுபுறக் கதவுகளை நிரந்தரமாக அடைத்துவிட்டனர். இன்றும் பயணிகள் ஒரே பக்கத்தில்தான் ஏறி இறங்குகின்றனர். முதலாளிமாரின் சிக்கனத்துக்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

கல்குழியையும் இரயிலையும் 1911-இல் வாங்கியவர் நாடாளுமன்ற உறுப்பினர் சர் ஹெய்டன் ஜோன்ஸ். 1946 டிசம்பரில் குழி சரிந்து, வேலை நின்றது. ஏற்றிவரக் கல் இல்லை. ஆயினும் தாம் உயிரோடிருக்கும்வரை இரயில் ஓடும் என்று அவர் உறுதி கூறியிருந்தார். அதன்படி கோடைக்காலங்களில் ஓட்டியும் வந்தார். இரயில்பாதைகளை நாட்டுடைமையாக்கிய 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இப்பாதை இடம்பெறவில்லை. ஆகவே அரசின் ஆதரவும் கிட்டவில்லை. 1950 ஜூலையில் அவர் மறைந்தபோது ஓடும் நிலையில் இருந்தது 84 வயதான டோல்கோக் ஒன்றே. அடிக்கட்டைகள் உளுத்துப்போக, புல்வேர்தான் தண்டவாளத்தைப் பிடித்துவைத்திருந்தது எனலாம்.

எழுத்தாளரும் பொறியாளருமான எல்.டி.சி. ரோல்ட் முதலானோர் அவ்வாண்டு அக்டோபரில் பர்மிங்ஹாம் நகரில் கூடிக் காப்புச் சங்கம் அமைக்க முனைந்தனர். சர் ஹெய்டனின் துணைவியார் பங்குகளை ஒப்படைக்க இசைந்தார். 1951 மே 14-இல் தொண்டர்களின் முதல் வண்டியை டோல்கோக் இழுத்தது. பக்கத்துக் கோரிஸ் பாதை 1948-இல் மூடப்பட்டிருந்தது. அதே அகலத்துக்குச் செய்யப்பட்ட அதன் இரு தொட்டி எஞ்சின்களைத் தலா 25 பவுண்டுக்கு வாங்கினர். மலிவுதான், ஆனால் அவற்றுள் ஒன்று ஓடத் தொடங்கியதும் அடிக்கடி தடம்புரண்டது. அளந்து பார்த்தால், தண்டவாளம் உரிய அளவைவிட ஏறத்தாழ அரை அங்குலம் அகன்றிருந்தது! பழைய எஞ்சின்கள் அதில் தடையின்றி ஓடின. புதிதாக வந்ததன் குறுகிய சக்கரமோ உள்ளே விழுந்தது. விடுமுறை நாள்களில் வந்த எழுத்தர்களும் ஆசிரியர்களும் மாணவர்களும் மண்வெட்டி பிடித்துப் பாதையைச் சீர்செய்ய நேர்ந்தது. 1952-இல் தொண்டராக வந்த பாதிரியார் ஆட்ரி, 'தாமஸ்' எனும் எஞ்சினின் கதைகளை எழுதியவர். அவர் இவ்விரயிலையும் தம் சிறுவர் நூல்களில் சேர்த்தார்.

காப்பது என்றால் கண்ணாடிக்குள் வைப்பதா, ஓட விடுவதா? ஓடும் எஞ்சின் தேயும். கொதிகலன் குழாய்கள் அரிக்கும். சக்கர விளிம்புகள் மெலியும். டாலிலின் 1958-இலும் டோல்கோக் 1963-இலும் புதிய கொதிகலனோடு வேலைக்குத் திரும்பின. 'அப்படியானால் இது பழைய எஞ்சின்தானா?' எனக் கேட்பாரும் உளர். நம் கருத்தில், கரி அள்ளிப்போடும் கையும், அழுத்தமானியைப் பார்த்து நீர்விடும் பழக்கமும் தலைமுறை தாண்டி வருவது ஓடும் எஞ்சினில்தான். அசையாமல் நிற்கும் இரும்பு அத்தொழிலைக் கற்பிக்காது.

வடமேற்கு வேல்ஸின் சிலேட்டு நிலப்பரப்பை யுனெஸ்கோ 2021-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோது இப்பாதையும் அதில் இடம்பெற்றது. இப்போதைய கவலை எரிபொருள். வேல்ஸின் பெரிய திறந்தவெளிச் சுரங்கம் 2023 நவம்பரில் மூடப்பட்டதால், நீராவிக்கேற்ற உள்நாட்டுக் கரி அரிதாகிவிட்டது. பிரிட்டனின் பாரம்பரிய இரயில்கள் இறக்குமதிக் கரியையும், தூளை அழுத்திச் செய்த கரி உருண்டைகளையும் எரித்துப் பார்த்து வருகின்றன.