கணக்கு 35 வெற்றி சொன்னது, வந்தது 1: ஜீவ் மில்கா சிங்கும் உங்க எஸ்ஐபி கணக்கும்

போன வாரம் சேனல்ல "20% ரிட்டர்ன் 20 வருஷத்துக்கு வருமா?"ன்னு ஒரு வீடியோ போட்டிருந்தோம். அதுல சொல்ல நேரமில்லாத கணக்கை இங்க விரிவா எழுதறேன். பேப்பர், பேனா எடுத்து வச்சுக்கோங்க. பெரிய கணக்கு எதுவும் இல்ல. கூட்டல், பெருக்கல்தான்.

முதல்ல எங்க வீட்டுக் கதை ஒண்ணு.

எங்க ஊர் பரளச்சி. அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துக்காரங்களுக்கு இந்த பூமியைப் பத்தி சொல்லவே வேண்டாம். கரிசல் காடு, வானம் பார்த்த விவசாயம். ஐப்பசி, கார்த்திகையில மழை பேஞ்சா மிளகாய் உண்டு. பேயலைன்னா இல்ல. நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு வருஷம் மழை சரியான நேரத்துல பேஞ்சு, எங்க 2 ஏக்கர்ல ஏக்கருக்கு 6 குவிண்டால் வத்தல் வந்தது. வீடே மிளகாய் நெடி. அப்பாவுக்கு சந்தோஷம் தாங்கல. அடுத்த வருஷம் இன்னும் 3 ஏக்கர் குத்தகைக்குப் பிடிச்சார். கணக்கு ரொம்ப எளிது: 5 ஏக்கர், ஏக்கருக்கு 6, மொத்தம் 30 குவிண்டால். அந்த 30ஐ நம்பி அம்மா நகையை அடகு வச்சார்.

அப்பத்தா மட்டும் திண்ணையில உக்காந்துக்கிட்டு, "ஏப்பா, போன வருஷ மழைய நம்பி இந்த வருஷம் கடன் வாங்குறியே"ன்னு கேட்டாங்க. யாரும் காதுல வாங்கல.

அந்த வருஷம் வந்தது 7 குவிண்டால். அடுத்த வருஷம் அதுவும் இல்ல. அம்மாவோட ரெட்டைவடச் சங்கிலி ஏலத்துக்குப் போச்சு. திரும்பி வரவே இல்ல.

அப்பா கணக்குல தப்பு எங்க இருந்தது? பெருக்கல் சரி. பெருக்கிறதுக்கு எடுத்த எண்தான் தப்பு. இதைப் புரிய வைக்க கோல்ஃப் விளையாட்டை எடுத்துக்கப் போறேன். "பரளச்சிக்கும் கோல்ஃபுக்கும் என்னய்யா சம்பந்தம்?"னு கேட்பீங்க. சம்பந்தம் இல்லதான். நம்ம மாநிலத்துல கோல்ஃப்னா ஊட்டி, கொடைக்கானல், சென்னை கிண்டின்னு சில இடங்கள்தான். ஆனா இந்த ஒரு பாடத்துக்கு கோல்ஃபை விட சுத்தமான உதாரணம் கிடைக்காது. ஒரு போட்டியில சுமார் 150 பேர் இறங்குவாங்க, ஜெயிக்கிறது ஒருத்தர். வருஷா வருஷம் யார் எத்தனை ஜெயிச்சாங்கன்னு பதிவு இருக்கு. மெயின் டூர்ல ஆட வயசு வரம்பு இல்ல, ஆனா 50 வயசானா சீனியர் டூர்ல ஆடலாம். ஒருத்தரோட சம்பாத்திய வாழ்க்கை முழுசையும் எண்ணிப் பார்க்கலாம்.

2008 டிசம்பர்ல நீங்க இருக்கீங்க

ஜீவ் மில்கா சிங். 1960 ரோம் ஒலிம்பிக்ல 400 மீட்டர் ஓட்டத்துல நாலாவதா வந்த மில்கா சிங்கோட மகன். 1971 டிசம்பர்ல பிறந்தவர். ஐரோப்பிய டூர்ல இடம் பிடிச்ச முதல் இந்தியர், அமெரிக்காவோட மாஸ்டர்ஸ் போட்டியில 2007ல ஆடின முதல் இந்தியர்.

1999க்கு அப்புறம் இவருக்கு ஆறு வருஷம் வெற்றியே இல்ல. திடீர்னு 2006ல நாலு: வோல்வோ சைனா ஓப்பன், ஸ்பெயின்ல வோல்வோ மாஸ்டர்ஸ், ஜப்பான்ல ரெண்டு. 2007ல பூஜ்யம். 2008ல மறுபடி நாலு: ஆஸ்திரியா, சிங்கப்பூர், ஜப்பான்ல ரெண்டு. அந்த டிசம்பர்ல அவருக்கு 37 வயசு முடியுது.

இப்ப கேள்வி: 50 வயசுக்குள்ள, அதாவது 2009ல இருந்து 2021 வரைக்கும் 13 சீசன்ல, இவர் இன்னும் எத்தனை ஜெயிப்பார்?

கணக்கு 1: நல்ல காலத்தை வச்சுப் பெருக்கிறது

2006 முதல் 2008 வரை 3 வருஷத்துல 8 வெற்றி. வருஷத்துக்கு 2.67. பதிமூணு வருஷம்னா சுமார் 35. எங்க அப்பா போட்ட கணக்கு இதேதான்.

கணக்கு 2: எல்லா வருஷத்தையும் சேர்க்கிறது

2000 முதல் 2008 வரை 9 வருஷம், 8 வெற்றி. வருஷத்துக்கு 0.89. பதிமூணு வருஷத்துக்கு சுமார் 11.6. பாருங்க, வெறும் வருஷங்களை மறைக்காம சேர்த்ததுக்கே எண் மூணுல ஒரு பங்கா இறங்கிடுச்சு.

கணக்கு 3: சரிவையும் சேர்க்கிறது

37 வயசுக்காரர் 47 வயசுலயும் அதே வேகத்துல ஜெயிப்பாரா? பந்து போற தூரம் குறையும். முதுகு, மணிக்கட்டு வலி வரும். வருஷத்துல ஆடுற போட்டி எண்ணிக்கை குறையும். எதிர்ல 22 வயசுப் பசங்க வருஷா வருஷம் புதுசா வந்துக்கிட்டே இருப்பாங்க. அதனால ஜெயிக்கிற வாய்ப்பு வருஷத்துக்கு 25% குறையுதுன்னு வச்சுக்குவோம். இது நான் எடுத்துக்கிட்ட அனுமானம். முதல் வருஷம் 0.89, அடுத்தது 0.67, அப்புறம் 0.50... பதிமூணையும் கூட்டினா சுமார் 3.5. சரிவை 15%ன்னு வச்சா 5 வருது, 35%ன்னு வச்சா 2.5 வருது. ஆக "இன்னும் 2ல இருந்து 5 வரைக்கும்"கிறதுதான் நியாயமான பதில்.

நடந்தது என்ன? 2012 ஜூலையில ஸ்காட்டிஷ் ஓப்பன். பிளே-ஆஃப்ல இத்தாலிக்காரர் ஃபிரான்செஸ்கோ மொலினாரியை ஜெயிச்சு கோப்பையை எடுத்தார். அப்ப வயசு 40. பெரிய டூர்கள்ல அதுதான் கடைசி வெற்றி.

மூணாவது கணக்கும் ஒண்ணுன்னு சொல்லலையேன்னு கேட்கலாம். சரியான கேள்வி. சராசரியா 3.5 எதிர்பார்க்கிற இடத்துல 1 அல்லது 0 வர்றதுக்கு வாய்ப்பு ஏறக்குறைய 7ல ஒண்ணு. அது துரதிர்ஷ்டம், ஆனா சகஜம். 11.6 எதிர்பார்த்த இடத்துல 1 வர்றது பல ஆயிரத்துல ஒண்ணு. 35 எதிர்பார்த்தா? அது நடக்காத காரியம். நல்ல கணக்கும் தப்பலாம். ஆனா அது தப்புறப்போ நீங்க நடுத்தெருவுக்கு வர மாட்டீங்க.

"இன்னும் மூணே மூணுதான்" - டைகர் உட்ஸ்

"ஜீவ் ஒரு தனி கேஸ்"னு நினைக்காதீங்க. 2013 முடிவுல டைகர் உட்ஸ் கையில அமெரிக்க பிஜிஏ டூரோட 79 வெற்றி. சாம் ஸ்னீடோட ரெக்கார்ட் 82. தேவை மூணு. டைகர் 2013ல மட்டும் அஞ்சு ஜெயிச்சிருந்தார். வயசு 37தான் (நம்ம ஜீவோட அதே வயசு, கவனிச்சீங்களா?). "அடுத்த வருஷமே முடிச்சிடுவார்"ங்கிறதுதான் கணக்கு 1 சொல்ற பதில்.

2014, 2015, 2016, 2017: நாலு வருஷம் ஒரு வெற்றி இல்ல. முதுகுல ஆபரேஷன் மேல ஆபரேஷன். 2018ல ஒண்ணு, 2019ல மாஸ்டர்ஸும் ஜப்பான்ல ஸோஸோவும் சேர்த்து ரெண்டு. 82 வந்து சேர ஆறு வருஷம் ஆச்சு. உலகத்துலயே பெரிய திறமைசாலிக்கே இந்த கதின்னா, போன மூணு வருஷம் நல்லா ஓடின நம்ம ஃபண்டுக்கு என்ன?

சரிவுன்னா பூஜ்யம் இல்ல

இதுக்கு மறுபக்கமும் இருக்கு. ஃபிஜியில பிறந்த இந்திய வம்சாவளி விஜய் சிங், பிஜிஏ டூர்ல ஜெயிச்ச 34ல 22 வெற்றி 40 வயசுக்கு மேல வந்தது. 2004ல, 41 வயசுல, ஒரே வருஷத்துல 9. ஃபில் மிக்கல்சன் 2021ல 50 வயசுல பிஜிஏ சாம்பியன்ஷிப் ஜெயிச்சார். செஸ்ல நம்ம விஸ்வநாதன் ஆனந்த் 2013ல சென்னையிலயே பட்டத்தை இழந்தார். "முடிஞ்சு போச்சு"ன்னாங்க. 2017 டிசம்பர்ல, 48 வயசுல, ரியாத்ல உலக ரேபிட் சாம்பியன் ஆனார்.

ஆனா ஒரு எச்சரிக்கை. விஜய் சிங் பேர் நமக்குத் தெரியுது, ஏன்னா அவர் ஜெயிச்சார். 40க்கு மேல ஆடி ஒண்ணுமே ஜெயிக்காம வீட்டுக்குப் போன நூத்துக்கணக்கான பேரோட பேர் நமக்குத் தெரியாது. "எங்க சித்தப்பா அந்த ஷேர்ல பத்து மடங்கு பார்த்தார்"ங்கிற கதையும் இப்படித்தான். தோத்த சித்தப்பாக்கள் கல்யாண வீட்டுல வாயைத் திறக்க மாட்டாங்க.

இப்ப உங்க பணத்துக்கு வருவோம்

எஸ்ஐபி: மாசம் 5,000 ரூபாய், 20 வருஷம். மொத்தம் நீங்க கட்டுறது 12 லட்சம்.

- போன மூணு வருஷம் வந்த 20% அப்படியே வரும்னு போட்டா: சுமார் 1.58 கோடி
- 12%ன்னு போட்டா: சுமார் 50 லட்சம்
- 9%ன்னு போட்டா: சுமார் 33.6 லட்சம்

மகளோட கல்யாணத்தையும் வீட்டையும் 1.58 கோடியை வச்சுத் திட்டம் போட்டுட்டு, கையில 50 லட்சம் வந்தா என்ன பண்ணுவீங்க? 33.6 லட்சத்தை வச்சுத் திட்டம் போடுங்க. மேல வர்றது எல்லாம் போனஸ். 20% காட்டுற ஆளு கணக்கு 1 போடுறார்னு புரிஞ்சுக்கோங்க.

சம்பாத்தியம்: இதை நிறையப் பேர் யோசிக்கிறதே இல்ல. 45 வயசு லாரி டிரைவர் ஒருத்தர் நைட் டிரிப் ஓட்டி வருஷத்துக்கு 1 லட்சம் கூடுதலா சம்பாதிக்கிறார்னு வைங்க. 60 வயசு வரைக்கும் 15 லட்சம்னு மனசுக்குள்ள எழுதி வச்சிருப்பார். ஆனா கண்ணு, முதுகு, தூக்கம் ஒத்துழைக்கணுமே? வருஷத்துக்கு 8% குறையுதுன்னு வச்சாலே மொத்தம் 8.9 லட்சம்தான். தறி நெய்யிறவர், கொத்தனார், மில் வேலைக்குப் போறவங்க எல்லாருக்கும் இதே கணக்கு. உடம்பை வச்சு சம்பாதிக்கிறவங்க சேமிப்பை 50 வயசுக்குத் தள்ளிப் போடவே கூடாது. நல்லா ஓடுற வருஷத்துலதான் அதிகமா எடுத்து வைக்கணும்.

கடன்: இஎம்ஐயை எந்த வருஷ வருமானத்தை வச்சு முடிவு பண்றீங்க? சிறந்த வருஷத்தையா?

நாலு படி, அஞ்சு நிமிஷம்

1. எல்லா வருஷத்தையும் எழுதுங்க. குறைஞ்சது அஞ்சு. பூஜ்யம் வந்த வருஷத்தையும் மறைக்காதீங்க.
2. சராசரி எடுங்க. போன வருஷ எண்ணைத் தொடாதீங்க.
3. வயசு, போட்டி, தண்ணி, மெஷின் தேய்மானம், எதனால குறையும்னு கேட்டு அந்தச் சரிவைக் கழிங்க.
4. ஒரே எண்ணோட நிக்காதீங்க. நல்லது, நடுத்தரம், கெட்டதுன்னு மூணு எழுதுங்க. கடனைக் கெட்டதுலயும் கட்ட முடிஞ்சா மட்டும் வாங்குங்க.

இதை எங்க அப்பா கணக்குலயே போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு வந்த குவிண்டால், அஞ்சு வருஷம்: 2, 3, 0, 2, 6. சராசரி 2.6. அஞ்சு ஏக்கருக்கு 13. அவர் நம்பினது 30. கெட்ட வருஷம் எவ்வளவு? நோட்டுலயே இருக்கு: பூஜ்யம். "பூஜ்யம் வந்தா நகையை மீட்க முடியுமா?"னு ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தா, குத்தகைக்கு 3 ஏக்கர் பிடிக்காம, இருக்கிற 2 ஏக்கரோட நின்னிருப்பார். இல்ல, ஒரு ஏக்கர் மட்டும் கூடுதலா பிடிச்சு, நகையைத் தொடாம இருந்திருப்பார்.

அப்பாவைக் குறை சொல்ல இதை எழுதல. ஒரு நல்ல வருஷத்தைப் பார்த்த எந்த மனுஷனுக்கும் வர்ற ஆசைதான் அது. 2008ல ஜீவ் ரசிகருக்கும், 2013ல டைகர் ரசிகருக்கும் அதே ஆசை வந்திருக்கும். ரசிகருக்கு ஏமாற்றம் மட்டும்தான். குடும்பம் நடத்துறவருக்கு சங்கிலி போகும்.

இன்னைக்கே ஒரு வேலை பண்ணுங்க. உங்க கடைசி அஞ்சு வருஷ வருமானத்தை ஒரு தாள்ல எழுதி, அதுல இருக்கிறதுலயே குறைஞ்ச எண்ணைச் சுத்தி ஒரு வட்டம் போடுங்க. இப்ப கட்டுற இஎம்ஐயை அதுக்குப் பக்கத்துல எழுதுங்க. ரெண்டையும் பார்த்தாலே உங்க நிலைமை புரிஞ்சுடும். அடுத்த வீடியோல விவசாயம், தறி மாதிரி ஏற்ற இறக்கமா வருமானம் வர்றவங்க அவசர நிதி எவ்வளவு வச்சிருக்கணும்னு பார்ப்போம்.

குறிப்பு: இது புரிதலுக்காக எழுதினது, முதலீட்டு ஆலோசனை இல்ல. மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு சந்தை அபாயத்துக்கு உட்பட்டது. முடிவெடுக்கும் முன்னாடி பதிவு பெற்ற ஆலோசகர்கிட்ட பேசுங்க.